வறண்ட காலத்தில் வீட்டுத்தோட்டமும் புற்றரையும்: நீர் முகாமைத்துவம்

விவசாயமும் உணவுத் தொழினுட்பமும் – தரம் 10, 11

இப்பாடத்தைக் கற்றபின் நீங்கள்,
• தோட்டத்தில் இட்ட நீர் இழக்கப்படும் வழிகளை விளக்குவீர்கள்.
• தற்காலிக வாடலையும் நிரந்தர வாடலையும் வேறுபடுத்துவீர்கள்.
• ஒரு பாத்திக்குத் தேவையான நீரைக் கணிப்பீர்கள்.
• வறண்ட காலத்தில் பயிரையும் புல்லையும் பராமரிக்கும் முறைகளைக் காரணத்துடன் எழுதுவீர்கள்.

1. அறிமுகம்

மாணவர்களே, இலங்கையில் ஆண்டு மழைவீழ்ச்சி 1750 மில்லிமீற்றரிலும் குறைந்த பிரதேசம் உலர் வலயம் எனப்படும். யாழ்ப்பாணக் குடாநாடு இவ்வலயத்தைச் சேர்ந்தது. இங்கு பெரும்பகுதி மழை ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையான காலத்தில் கிடைக்கின்றது. மே முதல் செப்டெம்பர் வரை வெயிலும் சோளகக் காற்றும் சேர்ந்து மண்ணை உலர்த்துகின்றன.

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. குடிப்பதற்கும் குளிப்பதற்கும் தோட்டத்துக்கும் நாம் பெரும்பாலும் கிணற்றையே நம்பியுள்ளோம். எனவே வறண்ட காலத் தோட்டப் பராமரிப்பு என்பது பயிரைக் காப்பது மட்டுமன்று, கிணற்றைக் காப்பதுமாகும். இவ்விரண்டும் ஒன்றோடொன்று எவ்வாறு தொடர்புற்றுள்ளன என்பதே இப்பாடத்தின் மையக் கருத்தாகும்.

2. இட்ட நீர் எங்கே போகின்றது?

பாத்திக்கு இட்ட நீர் முழுவதும் பயிருக்குப் பயன்படுவதில்லை. அது பின்வரும் நான்கு வழிகளிற் செல்கின்றது.

(அ) ஆவியாதல் – மண்ணின் மேற்பரப்பிலிருந்து நீர் நேரடியாக வளிக்குச் செல்லல்.
(ஆ) ஆவியுயிர்ப்பு – வேர் உறிஞ்சிய நீர் இலைவாய்களினூடாக ஆவியாக வெளியேறல்.
(இ) வழிந்தோடல் – மண் உறிஞ்சும் வேகத்திலும் கூடிய வேகத்தில் நீர் ஊற்றப்படும்போது பாத்திக்கு வெளியே ஓடல்.
(ஈ) ஆழ்ந்து வடிதல் – வேர் எட்டாத ஆழத்துக்கு நீர் இறங்குதல்.

இவற்றுள் ஆவியுயிர்ப்பு பயிரின் வளர்ச்சியோடு இணைந்தது. இலை குளிர்வதற்கும் கனியுப்புகள் மேலே செல்வதற்கும் அது உதவுகின்றது. அதனை நாம் முற்றாக நிறுத்த முடியாது. நாம் குறைக்கவேண்டியவை ஏனைய மூன்றுமாகும்.

வெப்பநிலை கூடுதல், வளியின் ஈரப்பதன் குறைதல், காற்றின் வேகம் கூடுதல் ஆகியன ஆவியாதலையும் ஆவியுயிர்ப்பையும் அதிகரிக்கும் காரணிகளாகும். பலர் "வெயில் கூடுதல்" என்று மட்டும் எழுதிவிட்டு நிறுத்துவர். சோளகம் வீசும் மாதங்களில் காற்றும் வெயிலளவுக்கு முக்கியமானது என்பதை மறக்கவேண்டாம். ஈரத்துணி வெயிலிற் காய்வதிலும் வெயிலும் காற்றும் உள்ள இடத்தில் விரைவாகக் காய்வதை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும்.

3. மண்ணும் வாடலும்

நன்கு நனைந்த மண்ணிலிருந்து மேலதிக நீர் வடிந்தபின் மண்ணிற் பிடித்துவைக்கப்படும் நீரின் அளவு வயற் கொள்ளளவு எனப்படும். மண் மேலும் உலர்ந்து, பயிர் வாடி, மீண்டும் தெளிய முடியாத நிலையை அடையும்போதுள்ள நீரின் அளவு நிரந்தர வாடற் புள்ளியாகும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நீரே பயிர் பெறத்தக்க நீராகும்.

மணல் மண்ணில் இந்நீர் குறைவு. சேதனப் பொருள் நிறைந்த மண்ணில் கூடுதல். ஆகவே மாரிக்கு முன்னரும் மாரிக்காலத்திலும் பாத்திக்குக் கூட்டெருவும் பூவரசங்குழையும் இட்டவர், கோடைக்கு வேண்டிய நீரையும் மண்ணிற் சேமிக்க வழிசெய்தவராவார்.

தற்காலிக வாடல்: நண்பகலில் வேர் உறிஞ்சும் நீரிலும் இலை இழக்கும் நீர் கூடுதலாக இருப்பதால் இலைகள் தொங்கும். மாலையில் அல்லது இரவில் தாமாகவே தெளியும்.

நிரந்தர வாடல்: இரவு கழிந்து காலையிலும் இலைகள் தெளியா. அதன்பின் நீர் ஊற்றினாலும் பயிர் பிழைப்பது அரிது.

நினைவிற் கொள்க: நண்பகலில் இலை தொங்குவதைக் கண்டவுடன் வாளியோடு ஓடவேண்டியதில்லை. பயிரைக் காலையிற் பாருங்கள். விரலை மண்ணில் 5 சென்ரிமீற்றர் வரை செலுத்திப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் அன்று நீர் தேவையில்லை. காலையிலேயே இலை தளர்ந்திருந்து மண்ணும் உலர்ந்திருந்தால் உடனே நீர் இடவேண்டும்.

4. நீர் இடல்: எப்போது, எவ்வளவு, எப்படி?

எப்போது? அதிகாலையே சிறந்தது. வெப்பமும் காற்றும் குறைவாக இருப்பதால் ஆவியாதல் குறையும். நனைந்த இலைகளும் விரைவில் உலரும். மாலையிலும் இடலாம். ஆனால் இலைகள் இரவு முழுவதும் ஈரமாக இருந்தால் பங்கசு நோய்கள் பரவ வாய்ப்புண்டு. ஆகவே மாலையில் நீர் இடும்போது அடியில் மட்டும் இடவேண்டும்.

எவ்வளவு? பின்வரும் தொடர்பை மனனம் செய்துகொள்ளுங்கள்.

1 சதுர மீற்றர் நிலத்தில் 1 மில்லிமீற்றர் ஆழத்துக்கு நிற்கும் நீர் = 1 லீற்றர்

உதாரணம்: 3 மீற்றர் நீளமும் 1 மீற்றர் அகலமும் உடைய கத்தரிப் பாத்தி ஒன்றில் நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் நீர் இழக்கப்படுகின்றது எனக் கொள்வோம். மூன்று நாட்களுக்கு ஒருமுறை இடவேண்டிய நீர் எவ்வளவு?

பாத்தியின் பரப்பு = 3 × 1 = 3 சதுர மீற்றர்
ஒரு நாளைய இழப்பு = 3 × 5 = 15 லீற்றர்
மூன்று நாளைய இழப்பு = 15 × 3 = 45 லீற்றர்

10 லீற்றர் கொள்ளும் பூவாளியாயின் நாலரைப் பூவாளி நீர் போதுமானது. நீர் இறைக்கும் இயந்திரத்தை இயக்கிவிட்டுக் குழாயைப் பாத்தியிற் போட்டுச் செல்பவர் இதைப்போற் பலமடங்கு நீரை இடுகின்றார். மிகுதி ஆழ்ந்து வடிகின்றது.

எப்படி? வேர்ப் பகுதி முழுவதும் நனையும்படி மெதுவாக இடவேண்டும். நாள்தோறும் மேல்மண்ணை மட்டும் நனைத்தால் வேர்கள் மேலேயே பரவும். மேல்மண்தான் முதலில் உலரும் என்பதால் அத்தகைய பயிர் ஒரு நாள் நீர் தவறினாலும் வாடிவிடும். இடைவெளி விட்டு ஆழமாக நனைத்தால் வேர் கீழ்நோக்கிச் செல்லும். ஆனால் கரையோர மணல் மண்ணில் நீர் தங்காது. அங்கு குறைந்த அளவில் அடிக்கடி இடுவதே பொருத்தமானது. வலிகாமத்துச் செம்மண்ணுக்குரிய விடையை மணல் மண் பற்றிய வினாவுக்கு எழுதிவிடாதீர்கள்.

வீட்டுத்தோட்டத்துக்கு ஏற்ற சிக்கனமான முறைகள்:
• துளி நீர்ப்பாசனம் – நீர் வேரடியில் துளித்துளியாக விழுகின்றது. மூடியிற் சிறு துளையிட்ட பிளாஸ்ரிக் போத்தலைத் தலைகீழாகக் கட்டியும் இதனைச் செய்யலாம்.
• பானை முறை – மெருகிடாத மண்பானையைக் கழுத்துவரை புதைத்து நீர் நிரப்பி மூடிவிடுதல். பானையின் நுண்துளைகளினூடாக நீர் கசிந்து அருகிலுள்ள வேர்களை அடையும்.
• மீள்பயன்பாடு – அரிசி, மரக்கறி கழுவிய நீரைப் பாத்திக்கு இடலாம். சவர்க்காரம் கலந்த நீரைக் கீரைக்கு இடாது வாழை, தென்னை போன்றவற்றுக்கு விடுதல் நன்று. எமது முன்னோர் கிணற்றடியில் வாழை வைத்ததன் பொருத்தத்தை இங்கு எடுத்துக்காட்டலாம்.

5. மூடுபடை, நிழல், காற்றுத்தடை

மூடுபடை: வைக்கோல், காய்ந்த இலை, பனையோலைத் துண்டு, தென்னம்பொச்சு ஆகியவற்றால் மண்ணை 5 முதல் 8 சென்ரிமீற்றர் தடிப்பில் மூடுதல். இதனால் ஆவியாதல் குறையும். மண்ணின் வெப்பநிலை தணியும். களை முளைப்பது குறையும். உக்கியபின் சேதனப் பொருளாகவும் மாறும். மண்ணை நனைத்தபின்னரே மூடவேண்டும். உலர்ந்த மண்ணை மூடினால் இலேசாக இடும் நீரை மூடுபடையே உறிஞ்சிவிடும். தண்டைச் சுற்றிச் சிறிது இடைவெளி விடாவிடின் தண்டு அழுகக்கூடும். விதை முற்றிய களைகளை மூடுபடையாக இடலாகாது.

நிழல்: நாற்றுகளுக்கும் புதிதாக நட்ட கன்றுகளுக்கும் கிடுகு அல்லது பனையோலையால் தற்காலிக நிழல் கொடுக்கலாம். நாற்று நடுவதை மாலையிற் செய்தால் கன்று ஓர் இரவு ஆறி எழும்.

காற்றுத்தடை: கிளுவை, பூவரசு, சீமைக்கிளுவை வேலிகள் காற்றின் வேகத்தைத் தணிக்கின்றன. அவற்றின் குழை பசளையாகவும் பயன்படும். மதில் கட்டியவுடன் வேலியை முற்றாக அகற்றும் வீட்டார் இவ்விரு பயன்களையும் இழக்கின்றனர்.

6. புற்றரைப் பராமரிப்பு

வீட்டு முற்றத்திலும் பாடசாலை வளவிலும் இப்போது புற்றரை அமைக்கப்படுகின்றது. அகன்ற இலையுடைய மலேசியப் புல் ஓரளவு நிழலைத் தாங்கும். ஆனால் அதன் வேர் ஆழமற்றது. வறட்சியில் விரைவாக வாடும். அறுகம்புல் நிழலை விரும்பாது. ஆயினும் ஆழ்ந்த வேரும் நிலக்கீழ்த் தண்டும் இருப்பதால் வறட்சியைத் தாங்கும். மேலே பழுத்துக் காய்ந்தாலும் மழை கிடைத்ததும் அடியிலிருந்து மீண்டும் தளிர்க்கும்.

வறண்ட காலத்திற் கைக்கொள்ள வேண்டியவை:
• புல்லை வழமையிலும் உயரமாக விட்டு வெட்டுக. ஒருமுறை வெட்டும்போது இலையின் உயரத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் அகற்றலாகாது. உயர்ந்த புல் மண்ணுக்கு நிழல் தரும். வேரும் ஆழமாகச் செல்லும்.
• வெட்டிய புல்லை மெல்லிய படையாகப் புற்றரையிலேயே விடுக. தடிப்பாகக் குவித்தலாகாது.
• புல்லின் மேல் நடந்து பார்க்குக. காலடித் தடம் நிமிராது கிடந்தால் நீர் தேவை.
• புல் சோர்ந்திருக்கும்போது நைதரசன் பசளை இடாதீர்கள். அது புதிய இலைகளைத் தூண்டி நீர்த்தேவையைக் கூட்டும்.
• காய்ந்த புற்றரையில் வாகனம் நிறுத்துதல், விளையாடுதல் ஆகியவற்றைத் தவிர்க்குக.

இப்போது ஒரு கணிப்பைச் செய்துபார்ப்போம். 10 மீற்றர் நீளமும் 6 மீற்றர் அகலமும் உடைய புற்றரையின் பரப்பு 60 சதுர மீற்றர். நாளுக்கு 5 மில்லிமீற்றர் வீதம் 300 லீற்றர். 30 நாட்களுக்கு 9000 லீற்றர். அதே வீட்டில் மேற்கூறிய அளவில் நான்கு மரக்கறிப் பாத்திகள் இருந்தால் பரப்பு 12 சதுர மீற்றர். 30 நாட்களுக்கு 1800 லீற்றர். பச்சையாகத் தோன்றவேண்டும் என்பதற்காகப் புல்லுக்குச் செல்லும் நீர், குடும்பத்துக்கு மரக்கறி தரும் பாத்திகளுக்குச் செல்வதைப்போல் ஐந்து மடங்கு. கிணறு வற்றும் மாதங்களில் எதற்கு முதலிடம் என்பதை இக்கணக்கே கூறும். அறுகம்புல் சில வாரங்கள் பழுத்திருப்பது நோயன்று, ஓய்வு.

7. கிணற்றுக்கு என்ன நேர்கின்றது?

குடாநாட்டின் கீழ் சுண்ணாம்புக்கற் படை உள்ளது. மழைநீர் அதன் வெடிப்புகளிலும் குழிகளிலும் தேங்குகின்றது. கடல்நீரிலும் அடர்த்தி குறைந்த இந்நன்னீர், உவர்நீரின் மேல் ஒரு வில்லை போல மிதக்கின்றது. கொள்கையளவிற் கடல்மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை நன்னீர் இருக்கும். அதனால் மேல்மட்டம் சிறிதளவு தாழ்ந்தாலும், கீழிருந்து உவர்நீர் பலமடங்கு மேலெழ இடமுண்டு. புத்தூர்ப் பகுதியிலுள்ள நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் காணப்படுவது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

உவரான நீரைத் தோட்டத்துக்கு இட்டால் நீர் ஆவியாகும். உப்பு மண்ணிலேயே தங்கும். இலை விளிம்பு கருகும். மண் ஈரமாக இருந்தும் பயிர் வாடும்.

பசளையும் கிணற்றோடு தொடர்புடையது. யூரியாவை அளவுக்கு மிஞ்சி இட்டு, மேலே நிறைய நீரும் ஊற்றினால் நைதரசன் நைத்திரேற்றாக மாறிக் கீழே வடிந்து கிணற்றை அடையும். குடிநீரில் நைத்திரேற்றுக்கு உலக சுகாதார நிறுவனம் குறித்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் ஆகும். குடாநாட்டின் சில கிணறுகளில் இவ்வெல்லை தாண்டியுள்ளமை ஆய்வுகளால் அறியப்பட்டுள்ளது. மிகை நைத்திரேற்று, கைக்குழந்தைகளின் குருதி ஒட்சிசனைக் கொண்டு செல்லும் ஆற்றலைக் குறைக்கும். ஆழ்ந்து வடிதல் என்ற சொல்லின் பின்னால் அடுத்த வீட்டுக் குழந்தையின் குடிநீரும் உள்ளது என்பதை விளங்கிக்கொள்ளுங்கள்.

8. மாதிரி வினாவும் விடையும்

வினா: வறண்ட காலத்தில் மரக்கறிப் பாத்திக்கு மூடுபடை இடுவதன் அனுகூலங்கள் இரண்டைக் காரணத்துடன் தருக. (4 புள்ளிகள்)

புள்ளி இழக்கும் விடை: "மண் ஈரமாக இருக்கும். பயிர் நன்றாக வளரும்."

முழுப்புள்ளி பெறும் விடை: (1) வெயிலும் காற்றும் மண் மேற்பரப்பை நேரடியாக அடைவது தடைப்படுவதால் ஆவியாதல் குறைந்து மண்ணீர் காக்கப்படும். (2) களை விதைகளுக்கு ஒளி கிடைக்காமையால் களை முளைப்பது குறைந்து, நீருக்கான போட்டி குறையும்.

அனுகூலத்தை எழுதியபின் "ஏன்?" என்று உங்களையே கேட்டு அதற்கான விடையையும் சேர்த்து எழுதுங்கள். மீதிப் புள்ளி அங்கேதான் உள்ளது.

9. பயிற்சி வினாக்கள்

1. தற்காலிக வாடல், நிரந்தர வாடல் ஆகியவற்றுக்கிடையிலான வேறுபாடுகள் இரண்டு தருக.
2. 4 மீற்றர் நீளமும் 1.5 மீற்றர் அகலமும் உடைய வெண்டிப் பாத்தியில் நாளொன்றுக்கு 4 மில்லிமீற்றர் நீர் இழக்கப்படுகின்றது. இரண்டு நாட்களுக்கு ஒருமுறை இடவேண்டிய நீரைக் கணிக்க. (விடை: 48 லீற்றர்)
3. கரையோர மணல் மண்ணில் நீரைக் குறைந்த அளவில் அடிக்கடி இடுவது ஏன்?
4. வறண்ட காலத்தில் புல்லைக் கட்டையாக வெட்டுவதால் ஏற்படும் தீமைகள் இரண்டை விளக்குக.
5. "தோட்டத்துக்குத் தேவைக்கு மிஞ்சி நீர் இடுவது கிணற்றுக்கு இருவகையிற் தீங்காகும்." இக்கூற்றை விளக்குக.

செயற்பாடு: உங்கள் வீட்டுத் தோட்டத்தில் ஒரு நாளைக்கு எத்தனை வாளி நீர் இடப்படுகின்றது என ஒரு வாரம் எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். பாத்திகளை அளந்து, தேவையான நீரையும் கணித்து ஒப்பிடுங்கள். இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்தை வீட்டாரிடம் காட்டுங்கள். அவ்வளவு நீர் நாளையும் கிணற்றில் இருக்கும்.