நண்பர் விற்க வந்தால் என் செய்வது?

தோட்டத்தில் வாழும் நமக்கு நட்பு என்பது பொழுதுபோக்கு அன்று. அது வாழ்க்கைக்குத் துணை. பெரட்டில் ஒன்றாக நிற்கிறோம். அடுத்தடுத்த நிரைகளில் பால் வெட்டுகிறோம். ஒரு வீட்டில் காய்ச்சல் என்றால் மறு வீட்டில் கஞ்சி காய்ச்சப்படுகிறது. கல்யாணமாயினும் கருமாதியாயினும் முதலில் வந்து நிற்பவர் பக்கத்து வீட்டுக்காரரே. அத்தகைய நண்பர் ஒரு நாள் மாலை கையில் ஒரு பையுடன் வந்து, "அண்ணே, நல்ல சத்துப் பொருள், நீங்களும் இதில் சேர்ந்தால் மாதாமாதம் வருமானம்" என்று சொல்லும்போது நாம் தடுமாறிப் போகிறோம். "வேண்டாம்" என்றால் அவர் மனம் புண்படும். "சரி" என்றால் நம் காசு போகும். இவ்விரண்டுக்கும் இடையே என்ன செய்வது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோட்டங்களுக்குச் செல்லும்போது அடிக்கடி காதில் விழும் கதை ஒன்று உண்டு. ஊர் தோறும் ஆட்கள்தான் வேறு, கதை ஒன்றே. நண்பர் ஒருவர் திட்டத்தில் சேர்கிறார். தம் அடுத்த வீட்டுக்காரரையும் சேர்க்கிறார். அவர் 600 வெள்ளி கொடுத்துப் பெட்டிகளை வாங்குகிறார். ஆறு மாதம் கழித்தும் அப்பெட்டிகள் அடுப்பங்கரை மூலையில் அப்படியே இருக்கின்றன. பணத்தைத் திருப்பிக் கேட்க முடியவில்லை, கொடுக்கவும் முடியவில்லை. ஒருவரையொருவர் பார்க்க நாணி, ஒருவர் முன்வாசலால் வந்தால் மற்றவர் பின்வாசலால் போகிறார். இருவர் பிள்ளைகளும் ஒரே பள்ளிக்கு ஒன்றாக நடந்து போனவர்கள். இன்று தனித்தனியே போகிறார்கள். 600 வெள்ளியை மீண்டும் உழைத்துச் சம்பாதிக்கலாம். இருபது ஆண்டு நட்பை எங்கே போய்ச் சம்பாதிப்பது?

பல படி விற்பனை என்றால் என்ன?

கடை வழியாக அல்லாமல், ஆள் வழியாக ஆளுக்குப் பொருள் விற்பது நேரடி விற்பனை எனப்படும். விற்பவர் தமக்குக் கீழே வேறு சிலரை விற்பனையாளராகச் சேர்த்து, அவர்கள் விற்பதிலும் ஒரு பங்கு பெற்றால் அது பல படி விற்பனை ஆகும். இது முழுவதும் குற்றமன்று. உரிமம் பெற்று, உண்மையான பொருளை நியாய விலைக்கு விற்கும் நிறுவனங்கள் நம் நாட்டில் உண்டு.

ஆனால் இதே சட்டையை மாட்டிக்கொண்டு வருவது பிரமிட் திட்டம். இதில் பொருள் பெயருக்குத்தான். உண்மையில் விற்கப்படுவது 'சேரும் உரிமை'. புதிதாகச் சேருபவர் கட்டும் பணமே முன்னர்ச் சேர்ந்தவருக்கு வருமானமாகப் போகிறது. நம் தொழிலைக்கொண்டே இதை விளக்கலாம். பால் மரத்திலிருந்து வரவேண்டும். ஒரு மங்கிலுள்ள பாலை மற்றொரு மங்கில் ஊற்றினால் இரண்டாவது மங்கு நிறையும். ஆனால் பால் பெருகியதாகுமா? மரமே இல்லாத தோப்பில் மங்குகளை மட்டும் வரிசையாகக் கட்டிவைப்பது போன்றதே பிரமிட் திட்டம்.

ஒரு சிறு கணக்கு

"நீங்கள் ஆறு பேரைச் சேர்த்தால் போதும், அந்த ஆறு பேர் ஆளுக்கு ஆறு பேரைச் சேர்ப்பார்கள்" என்பார்கள். கேட்பதற்கு எளிது. பென்சிலும் தாளும் எடுத்துக் கணக்கிட்டுப் பாருங்கள்.

முதற்படியில் 6 பேர். இரண்டாம் படியில் 36 பேர். மூன்றாம் படியில் 216 பேர். நடுத்தரத் தோட்டம் ஒன்றின் ஆட்கள் இத்துடன் தீர்ந்துவிடுவர். நான்காம் படிக்கு 1,296 பேர், ஐந்தாம் படிக்கு 7,776 பேர், ஆறாம் படிக்கு 46,656 பேர் வேண்டும். இப்படியே போனால் பத்தாம் படிக்கு 60,466,176 பேர் தேவை. நம் நாட்டின் மொத்த மக்கள்தொகையே ஏறத்தாழ 34 மில்லியன்தான். பாலகர் முதல் பாட்டி வரை எல்லாரையும் சேர்த்தாலும் பத்தாம் படி நிறையாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். மூன்றாம் படியில் திட்டம் நின்றுபோனால், தொடங்கியவரையும் சேர்த்து மொத்தம் 259 பேர் இருப்பர். அவர்களுள் 216 பேர் கடைசிப் படியில் இருப்பவர்கள். அதாவது நூற்றுக்கு 83 பேர். இவர்களுக்குக் கீழே ஒருவரும் இல்லை. எந்தப் படியில் நின்றாலும் கடைசிப் படியில் இருப்பவர்களே மிகப் பலராக இருப்பர். அவர்கள் சோம்பேறிகள் அல்லர், திறமையற்றவர்களும் அல்லர். கணக்கே அவர்களைக் கைவிட்டுவிட்டது. "நீ சரியாக உழைக்கவில்லை" என்று மேலே இருப்பவர் சொன்னால் அதை நம்பி மனம் நோகாதீர்கள்.

வரவும் செலவும்

திட்டத்தில் இருப்பவர் தமக்கு வந்த தொகையை மட்டும் சொல்வார். போன தொகையைச் சொல்லமாட்டார். பெரும்பாலும் அவரே அதைக் கூட்டிப் பார்த்திருக்கமாட்டார். எடுத்துக்காட்டாக, ஒருவர் சேரும்போது 600 வெள்ளி கட்டுகிறார் என்று கொள்வோம். இடத்தைத் தக்கவைத்துக்கொள்ள மாதம் 150 வெள்ளிக்குப் பொருள் வாங்குகிறார். பட்டணத்துக் கூட்டத்திற்குப் போய்வர மாதம் 20 வெள்ளி செலவாகிறது. ஆறு மாதத்தில் அவர் கைவிட்டுப் போனது 1,620 வெள்ளி. பொருள் விற்றதிலும் தரகிலும் அவருக்கு வந்தது 540 வெள்ளி என்றால், குறைவு 1,080 வெள்ளி. நம் நாட்டில் 2025ஆம் ஆண்டு முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. ஆகவே ஏறக்குறைய இருபது நாள் உழைப்பு மூலையில் உள்ள பெட்டிகளாக மாறிவிட்டது.

சட்டம் தரும் பாதுகாப்பு

நேரடி விற்பனைச் சட்டம் நம் நாட்டில் 1993ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. பின்னர் அது திருத்தப்பட்டு, 2011ஆம் ஆண்டு முதல் நேரடி விற்பனை, பிரமிட் திட்டத் தடுப்புச் சட்டமாக விளங்குகிறது. இதன்படி பிரமிட் திட்டம் நடத்துவதும் அதை வளர்ப்பதும் குற்றமாகும். குற்றம் செய்யும் நிறுவனத்திற்கு 1 மில்லியன் வெள்ளிக்குக் குறையாத அபராதம் உண்டு. தனியாளுக்கு 5 இலட்சம் வெள்ளிக்குக் குறையாத அபராதமோ, ஐந்தாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். "நான் நண்பர்களிடம் சொன்னேன், அவ்வளவுதான்" என்பது தகுந்த விடையாகாது. ஆதலால் ஆள் சேர்க்கும்முன் பலமுறை எண்ணிப் பார்க்கவேண்டும்.

தொழிலாளர் ஒவ்வொருவரும் நினைவில் கொள்ளவேண்டியவை இவை:

முதலாவது, உரிமம். நேரடி விற்பனை நிறுவனம் உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் உரிமம் பெற்றிருத்தல் வேண்டும். அவ்வுரிமத்தின் எண் 'ஏ.ஜே.எல்.' என்னும் எழுத்துகளுடன் தொடங்கும். சாதாரண நிறுவனப் பதிவுச் சான்றிதழைக் காட்டி, "அரசாங்கமே அனுமதித்துவிட்டது" என்பவர் உண்டு. அது வேறு, இது வேறு. மளிகைக் கடைக்கும் பதிவுச் சான்றிதழ் உண்டு. அதனால் அது நேரடி விற்பனை உரிமம் ஆகிவிடாது.

இரண்டாவது, எழுத்து. வீடு தேடி வந்து 300 வெள்ளியோ அதற்கு மேலோ பெறுமான பொருளை விற்றால், ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும். கையெழுத்திட்ட பின்னும் 10 வேலை நாள்களுக்குள் எழுத்து மூலம் அறிவித்து அதை இரத்துச் செய்ய உங்களுக்கு உரிமை உண்டு. "கையெழுத்துப் போட்டுவிட்டேனே" என்று கலங்க வேண்டியதில்லை.

மூன்றாவது, மருந்து. நோய் தீர்க்கும் என்று சொல்லி விற்கப்படும் மருந்தின் உறையில் 'எம்.ஏ.எல்.' எனத் தொடங்கும் சுகாதார அமைச்சின் பதிவு எண் உள்ளதா என்று பாருங்கள். நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்திற்கும் மருத்துவமனை தரும் மருந்தை எந்த நண்பர் சொன்னாலும் நிறுத்தலாகாது.

நான்காவது, முறையீடு. ஏமாற்றப்பட்டவர் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தை நாடலாம். மனுவுக்குக் கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. இரசீதுகளையும் கைப்பேசியில் வந்த செய்திகளையும் அழிக்காமல் வைத்திருங்கள்.

நண்பருக்கு என்ன சொல்வது?

சட்டம் தெரிந்தாலும் நண்பரின் முகத்தைப் பார்த்ததும் நாக்கு எழுவதில்லை. ஆகவே விடையை முன்னரே ஆயத்தம் செய்துகொள்ளுதல் நன்று.

முதலில் அவரை உட்காரவைத்துத் தேநீர் கொடுங்கள். வாசலிலேயே முகம் திருப்பாதீர்கள். பின்பு தெளிவாகச் சொல்லுங்கள்: "தம்பி, உன்மேல் எனக்கு அன்பு குறையவில்லை. ஆனால் சேருவது என்பது எனக்கு வேண்டாம். இனி இதைப் பற்றிப் பேசாமல் எப்போதும்போல் வந்து போ." பொருளை மறுப்பது ஆளை மறுப்பதாகாது. இதை வாய்விட்டுச் சொன்னால்தான் அவருக்கு விளங்கும்.

"பார்க்கலாம்", "அடுத்த சம்பளத்திற்கு" என்று இழுத்தடிப்பது பண்பு போலத் தோன்றும். உண்மையில் அது தீங்கு. அவர் அடுத்த சம்பளத்தன்று மீண்டும் வருவார். நீங்கள் ஒளியத் தொடங்குவீர்கள். நட்பு முறிவது மறுத்ததால் அன்று, ஒளிந்ததால்தான்.

பொருள் உண்மையிலேயே உங்களுக்குத் தேவை, கடை விலையோடு ஒப்பிட்டால் நியாயம் என்றால், ஒன்றை வாங்குங்கள். இரக்கத்திற்காக வாங்காதீர்கள். இரக்கம் காட்ட விரும்பினால் அரிசி வாங்கிக் கொடுங்கள்; அது அவர் வீட்டில் உலையேறும். சேருவதற்காகக் கடன் வாங்குவதும், சங்கிலியை அடகு வைப்பதும், ஓய்வுபெறும்போது கைக்கு வரும் ஊழியர் சேமநிதியை எடுத்துக் கொடுப்பதும் எக்காரணம் கொண்டும் கூடா. வீட்டில் மனைவியோ கணவரோ அறியாமல் கையெழுத்திடவும் கூடாது. "இன்றைக்கே முடிவு செய்" என்று அவசரப்படுத்தும் திட்டம் நாளைக்கு நிற்காத திட்டம்.

கொடுப்பதற்குமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். ஒருவரையும் சேர்க்காமல் பொருளை மட்டும் விற்றால் எனக்கு எவ்வளவு கிடைக்கும்? விற்காத பொருளைத் திருப்பி எடுத்துக்கொள்வார்களா? சென்ற ஆறு மாதத்தில் உன் வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு? இவற்றிற்கு நேர்விடை கிடைக்கவில்லையெனில் உங்கள் விடை கிடைத்துவிட்டது.

அவர் ஏற்கெனவே சிக்கியிருந்தால்

இதுவே மிகக் கடினமான இடம். நண்பர் பணத்தை இழந்து நிற்கிறார். "அன்றே சொன்னேனே" என்று கூறிச் சிரிப்பவர் நண்பராகார். நாணத்தினால்தான் அவர் மேலும் மேலும் பணம் போட்டு, விட்டதைப் பிடிக்க ஓடுகிறார். அந்த ஓட்டத்தை நிறுத்துவதே நீங்கள் செய்யும் உதவி. ஞாயிறு பகலில் அவருடன் அமர்ந்து வரவையும் செலவையும் இரண்டு வரிசையாக எழுதுங்கள். நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம், எண்களே சொல்லும். திருப்பிக் கொடுக்கக்கூடிய பொருள்களைப் பிரித்து வையுங்கள். முறையீட்டுப் பத்திரம் நிரப்பத் தெரியாவிடில் தெரிந்தவரிடம் அழைத்துச் செல்லுங்கள். உங்களைச் சேர்த்தவர் அவரேயாயினும், அவரும் ஏமாந்தவர் என்பதை மறவாதீர்கள்.

நாமே நண்பரைச் சேர்த்துவிட்டோம் என்றால்? நேரில் போய், "தெரியாமல் உன்னை இழுத்துவிட்டேன்" என்று சொல்லிவிடுவதே நேர்மை. முழுத் தொகையையும் திருப்பித் தர இயலாவிடினும், மாதம் 50 வெள்ளியாகக் கொடுக்கத் தொடங்கினால் மூடிய கதவு திறக்கும்.

சிறுதுளி பெருவெள்ளமான கதை

ஏழைகள் பணம் சேர்த்தால் உயரவே முடியாதா என்று கேட்கலாம். முடியும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், 1960ஆம் ஆண்டு துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகச் சென்று தொழிலாளரிடம் சிறு தொகைகளைத் திரட்டினார். மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. அங்கே சேர்ந்த பணம் நிலமாயிற்று; நிலத்தில் மரம் நின்றது; மரத்தில் பால் வந்தது. அடுத்துச் சேருபவர் தலையில் கைவைத்து அச்சங்கம் வளரவில்லை. உறுப்பினர் பட்டியலும் கணக்கும் யாவரும் கேட்கக்கூடியவையாக இருப்பது கூட்டுறவின் முறை. "பால் எந்த மரத்திலிருந்து வருகிறது?" என்னும் கேள்விக்கு அங்கே விடை இருந்தது. உங்களிடம் யார் பணம் கேட்டாலும் அதே கேள்வியைக் கேளுங்கள்.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. ஒவ்வொருவரும் ஐவரைச் சேர்த்தால் நான்காம் படியில் எத்தனை பேர் இருப்பர்? உங்கள் தோட்டத்தில் அத்தனை பேர் உண்டா?

2. நிறுவனப் பதிவுச் சான்றிதழுக்கும் நேரடி விற்பனை உரிமத்திற்கும் உள்ள வேறுபாடு என்ன?

3. நண்பர் மனம் நோகாமல் மறுக்க நீங்கள் என்ன சொல்வீர்கள்? இரண்டு வாக்கியங்களில் எழுதி, வீட்டாரிடம் படித்துக் காட்டுங்கள்.