ஐப்பசி மழைக்குப் பின்: களைக்கீரையும் காளானும்

வடகிழக்குப் பருவமழையின் முதல் ஈரம் மண்ணில் இறங்கிவிட்டது. மானாவாரிக் காடுகளிலும் வரப்புகளிலும் விதைக்காத கீரைகள் முளைத்து நிற்கின்றன. சில வாரங்களில் பூத்து முற்றிவிடும் என்பதால் இப்போதே கூடையோடு கிளம்புங்கள். ஊரில் களையெடுத்துப் பழகிய பாட்டி ஒருவரையும் கூட்டிக்கொள்ளுங்கள். எந்தப் படத்தைவிடவும் அவர் கண் நம்பகமானது.

தொய்யக்கீரை, பண்ணைக்கீரை, குப்பைக்கீரை மூன்றையும் முதலில் தேடுங்கள். பண்ணைக்கீரையைக் கதிர் வெளிவரும் முன்பே பறித்துவிட வேண்டும். தொய்யக்கீரையைத் துவரம்பருப்போடு வேகவைத்து, சின்ன வெங்காயமும் வரமிளகாயும் தாளித்துக் கடைந்தால் சோற்றுக்கும் களிக்கும் சேரும். வேலியில் படரும் முடக்கத்தான் இலையை அரைத்துத் தோசை மாவில் கலக்கலாம். வரப்பில் நுனியை மட்டும் கிள்ளுங்கள், மறுபடி துளிர்க்கும். பயிருக்கு நடுவே என்றால் உழவரிடம் கேட்டு வேரோடு பிடுங்குங்கள், அவருக்கும் ஒரு களை குறையும். பருப்புக்கீரையிலும் சாரணையிலும் ஆக்சலேட் மிகுதி. சிறுநீரகக் கல் உள்ளவர்கள் அவற்றைத் தவிர்ப்பது நல்லது.

எந்தக் கீரை என்பதைவிட எந்த இடத்துக் கீரை என்பதே எனக்குப் பெரிய கவலை. ஆள் வைத்துக் களையெடுத்த மக்காச்சோளக் காடுகளிலும் பருத்திக் காடுகளிலும் இன்று களைக்கொல்லி அடிக்கிறார்கள். அடித்துச் சில நாள் வரை செடி வாடாமல் பச்சையாகவே நிற்கக்கூடும். பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. நிலத்துக்காரரிடம் கேட்காமல் ஒரு இலையும் பறிக்க வேண்டாம். சாக்கடை ஓரமும் ஆலைக் கழிவு ஓடும் வாய்க்காலும் நெடுஞ்சாலை ஓரமும் வேண்டவே வேண்டாம்.

வேலியோரத்தில் இன்னொரு எச்சரிக்கை. இலை நுனி கம்பிச்சுருள் போலச் சுருண்டிருந்தால் அது செங்காந்தள். நம் மாநில மலர்தான், ஆனால் செடி முழுதும் நஞ்சு. அதன் கிழங்கைக் காட்டுவள்ளி என்று தோண்டி உண்டவர்கள் உயிரிழந்திருக்கிறார்கள்.

கடற்கரைக்காரர்களுக்கு உமரி இருக்கிறது. இளந்தளிரை வேகவைத்து நீரை வடித்துவிட்டுப் பொரியல் செய்யுங்கள். உப்பு அதிலேயே இருக்கிறது, ருசி பார்க்காமல் சேர்க்காதீர்கள். இறால் பண்ணைக் கழிவுநீர் பாயும் உப்பங்கழிப் பக்கம் போகாதீர்கள்.

இனி காளான். இடியோடு மழை பெய்த மறுநாள்களில் கறையான் புற்றிலும் அதைச் சுற்றியும் புற்றுக்காளான் வரும். அதன் தண்டு மண்ணுக்குள் வேர்போல நீண்டு, கறையான்கள் வளர்க்கும் பூஞ்சைத் தோட்டம் வரை இறங்கும். புற்றை உடைத்தால் அடுத்த மழைக்கு அங்கே காளான் கிடைக்காமல் போகலாம். ஆகவே மேலாகப் பறியுங்கள். பாம்பிருக்கும் இடம், கையை விடும் முன் குச்சியால் தட்டிப் பாருங்கள்.

புல்வெளியிலும் மேய்ச்சல் நிலத்திலும் குடை விரித்து நிற்கும் வெள்ளைக் காளானைத் தொட வேண்டாம். குடைமேல் பழுப்புச் செதில், தண்டில் வளையம், முற்றினால் அடிச்செதில்கள் பச்சையாகும்: இது கடுமையான வாந்தி, வயிற்றுப்போக்கைத் தரும் நச்சுக்காளான். இளசில் அடிச்செதில் வெள்ளையாகவே இருப்பதால்தான் ஏமாறுகிறார்கள். மஞ்சள் போட்டுக் கொதிக்கவைப்பது, வெள்ளிக்காசு கறுக்கிறதா என்று பார்ப்பது, பூச்சி தின்றிருந்தால் நல்லது என்பது: இந்தச் சோதனைகள் ஒன்றும் நஞ்சைக் காட்டாது. கொடிய காளான் நஞ்சுகளைச் சமையல் சூடும் அழிக்காது. அமானிட்டா வகையில் சிலவற்றை உண்டால் 6 முதல் 12 மணி நேரம், சிலருக்கு அதற்கும் மேல், ஒன்றும் தெரியாது. பிறகு வாந்தி வந்து, தணிந்து, குணமானதுபோல் தோன்றும்போதே கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும். குழப்பமிருந்தால் எறிந்துவிடுங்கள். உண்டபின் வயிற்றைப் புரட்டினால் 108-ஐ அழையுங்கள். மீதியிருக்கும் சமைக்காத காளானைக் காகிதத்தில் சுற்றி மருத்துவரிடம் காட்டுங்கள்.

காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைய வேண்டாம். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் சிறு வனப்பொருள் சேகரிக்கும் உரிமையைத் தந்திருப்பது அங்கே வழிவழியாக வாழும் மக்களுக்கு.

இரண்டாம் களையெடுப்பில் வரப்போரமாகச் சில பண்ணை, தொய்யச் செடிகளை விதைக்கு விட்டுவையுங்கள்.