எட்டுப் பேர், அறுபது பெட்டி: புது வீட்டில் குடியேறுவது எப்படி?

தை பிறந்தாலும் ஆவணி பிறந்தாலும் தமிழ்நாட்டில் சாமான் வண்டிகளுக்குக் கிராக்கிதான். மார்கழியும் ஆடியும் கழியட்டும் என்று காத்திருந்த குடும்பங்கள் எல்லாம் அடுத்தடுத்த முகூர்த்தங்களில் கிளம்புவதால் ‘குட்டி யானை’ என்னும் சிறு சரக்கு வண்டியும் எளிதில் அமையாது, ஏற்றி இறக்க ஆளும் அமையாது. எப்படியோ வண்டி வந்து சாமான் இறங்கிவிடும். பெரிய குடும்பங்கள் திணறுவது அதற்குப் பிறகுதான். தாத்தா, பாட்டி, இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்கள், இரண்டு பேரப்பிள்ளைகள் என எட்டுப் பேர் உள்ள வீடு என்று வைத்துக்கொள்வோம். அறுபது பெட்டிகளில் எதை முதலில் பிரிப்பது?

பலரும் ஹாலில் தொடங்கி அறை அறையாகப் பிரிக்கிறார்கள். ஷோகேஸ் நிறைந்துவிடும், மறுநாள் விடிந்ததும் பாட்டியின் சர்க்கரை மாத்திரையும் பேரனின் ஷூவும் கிடைக்காது. ஆள் அதிகம் உள்ள வீட்டுக்கு ஏற்ற வரிசை வேறு. நாளைக் காலை யார் முதலில் எழுவார், எதைத் தேடுவார் என்று யோசித்து, அந்த வரிசையில் பிரிக்க வேண்டும்.

1. பெட்டி கட்டும்போதே எண் போடுதல்

பெட்டியின் மேல்மூடியில் மட்டும் எழுதினால், ஒன்றின் மேல் ஒன்று அடுக்கியதும் எழுத்து மறைந்துவிடும். பக்கவாட்டில் இரண்டு புறமும் மார்க்கரால் மூன்று விஷயங்களை எழுதலாம்: எந்த அறை, யாருடையது, எவ்வளவு அவசரம். முதல் இரவே வேண்டியதற்கு 1, அந்த வாரத்துக்குள் வேண்டியதற்கு 2, மெதுவாகப் பிரிக்கலாம் என்பதற்கு 3. எந்தப் பெட்டியில் என்ன என்று ஒரு பட்டியலும் எழுதி, அதைப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டால், ‘அது எங்கே?’ என்று எட்டுப் பேரும் ஒருவரையே கேட்க வேண்டியிருக்காது.

கட்டில்களைக் கழற்றியதும் போல்ட், நட்டுகளைத் தனிக் கவரில் போட்டு ஸ்பானரோடு 1-ஆம் எண் பெட்டியில் வைக்க வேண்டும். மருந்து, நகை, பத்திரங்கள், பள்ளிப் பைகள் வண்டியில் ஏறக்கூடாது. கையோடு வர வேண்டும். இன்சுலின் இருந்தால் குளிர் தாங்கும் பெட்டியில் வரட்டும். ஆனால் ஐஸ்கட்டி மருந்தைத் தொடக்கூடாது. உறைந்துபோன இன்சுலினைப் பயன்படுத்த முடியாது.

2. முந்தைய நாள்: தண்ணீரும் மின்சாரமும்

ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர் என்பது இந்தியக் கட்டட விதிகள் வைத்துக்கொள்ளும் கணக்கு. எட்டுப் பேருக்கு 1,080 லிட்டர். மாடியில் இருப்பது 1,000 லிட்டர் தொட்டி என்றால் ஒரு முறை நிரப்பினால் நாள் முழுக்கத் தாங்காது. மோட்டாரைக் காலையும் மாலையும் போடும் பொறுப்பு யாருக்கு என்பதை அன்றே முடிவு செய்வது நல்லது. தொட்டியையும் சம்பையும் கழுவி, இடைவெளி இல்லாமல் மூட வேண்டும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவது தேங்கிய நல்ல தண்ணீரில்தான். முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும்.

ஈபி மீட்டரின் ரீடிங்கைத் தேதியோடு படமெடுத்து வைத்தால், முன்பு குடியிருந்தவரின் பாக்கி யாருடையது என்ற பேச்சே எழாது. மின்கசிவு நேர்ந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இருந்தால் அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும். உடனே மின்சாரம் துண்டிக்கப்பட்டால்தான் அது வேலை செய்கிறது. கீசருக்கும் ஏசிக்கும் 16 ஆம்பியர் பிளக் எங்கெங்கே இருக்கிறது என்று முன்பே பார்த்துவிட்டால் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகும் ஆபத்து வராது.

3. சாமான் இறங்கும் நாள்

பால் காய்ச்சுவது சடங்கு மட்டுமல்ல. அடுப்பும் தண்ணீரும் சரியாக இருக்கின்றனவா என்று அதிலேயே தெரிந்துவிடும். எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். அதனால் சிலிண்டரை நிமிர்த்தி, அடுப்பைவிடத் தாழ்வாக, காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும். இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்த்தால் கசிவு குமிழாகத் தெரியும். ரப்பர் குழாய்க்கு ஐந்து ஆண்டு ஆகியிருந்தால் மாற்றிவிடலாம்.

வண்டியருகே ஒருவர், வாசலில் ஒருவர். வாசலில் நிற்பவர் பெட்டியைப் பார்த்து அறையைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் குறுக்கே பேசாமல் இருப்பதே பெரிய உதவி. ஃபிரிட்ஜைப் படுக்கவைத்துக் கொண்டுவந்திருந்தால் சில மணி நேரம் நிமிர்த்தி வைத்த பிறகே சுவிட்ச் போடலாம், கம்ப்ரசர் எண்ணெய் கீழிறங்க வேண்டும்.

முதலில் தயாராக வேண்டியது தாத்தா, பாட்டியின் அறை. இருட்டில் பழைய வீட்டின் நினைவில் கால் வைத்துத் தடுமாறுவது முதல் சில இரவுகளில்தான். கட்டிலிலிருந்து குளியலறை வரை இரவு விளக்கு போட்டு, வழியில் பெட்டியோ, வழுக்கும் மிதியடியோ இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

4. மறுநாள் காலை

எட்டுப் பேருக்கு இரண்டு குளியலறை, ஆளுக்குக் கால் மணி நேரம் என்றால் மொத்தம் ஒரு மணி நேரம். வெந்நீர் அவ்வளவு வேகத்தில் வராது. 15 லிட்டர் கீசர், பச்சைத் தண்ணீரோடு விளாவினால், இரண்டு வாளி தரும். மீண்டும் சூடேற 15 முதல் 20 நிமிடம் ஆகும். எனவே வெந்நீர் வேண்டியவருக்கு அடுத்து பச்சைத் தண்ணீரில் குளிப்பவர் என்று மாற்றி மாற்றி விடலாம். பள்ளி வேன் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு எழுதிய வரிசையைக் கதவில் ஒட்டிவிடலாம்.

5. முதல் வாரம்

சமையலறை அலமாரியை ஒரு மருமகள் மட்டும் அடுக்கினால் மற்றவர் மாதக்கணக்கில் பருப்பு டப்பாவைத் தேட நேரும். சமைக்கிற எல்லோரும் சேர்ந்து அடுக்க வேண்டும். அன்றாடம் புழங்குவது இடுப்பிலிருந்து கண் உயரம் வரை. அண்டாவும் விருந்துப் பாத்திரங்களும் பரணில். அரிசி மூட்டை கீழே, பலகையின் மேல். குழந்தைகள் பீரோவின் கதவில் தொங்குவார்கள், அதைச் சுவரோடு ‘எல்’ கிளாம்ப் போட்டு இறுக்குவது நல்லது.

6. முகவரி மாற்றம்

கேஸ் இணைப்பை அதே ஊருக்குள் மாற்றினால் சிலிண்டரை ஒப்படைக்க வேண்டியதில்லை. வெளியூர் என்றால் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து, டெபாசிட்டைத் திரும்பப் பெற்று, அப்போது தரும் வவுச்சரைப் புது ஊர் ஏஜென்சியில் காட்ட வேண்டும். ஆதாரில் எட்டுப் பேருக்கும் தனித்தனி முகவரிச் சான்று தேட வேண்டாம். குடும்பத் தலைவரின் முகவரியைக் கொண்டே மற்றவர்கள் இணையத்தில் மாற்றிக்கொள்ளும் வசதி 2023 முதல் உள்ளது. 30 நாளுக்குள் தலைவர் ஒப்புதல் தர வேண்டும். வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8. ரேஷன் அட்டையில் முகவரி மாறினால்தான் பக்கத்துக் கடையில் பெயர் சேரும்.

7. மிஞ்சிய பெட்டிகள்

ஒரு மாதம் கழித்தும் 3-ஆம் எண் பெட்டிகள் சில மூடியபடியே இருக்கும். வாரம் இரண்டு என்று, உடைமைக்காரரை உட்காரவைத்தே பிரிக்க வேண்டும். அவர் இல்லாதபோது மற்றவர் எதையும் தூக்கிப் போடக்கூடாது. காலி அட்டைகளைக் கட்டிலுக்கடியில் சேர்த்து வைத்தால் கரப்பானும் கரையானும் வரும். அவற்றை மடித்து, பழைய பேப்பர் கடைக்காரரை வரச் சொல்லி எடை போட்டுவிடலாம்.