நீலம் மட்டும் நிலைப்பது ஏன்?

கடை வாயிலில் நெடுநாள் வெயிலில் காய்ந்த வண்ணப் படங்களை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். அச்சேறிய நாளில் செக்கச் செவேலென்றிருந்த ரோசா மலரும் பொன்னிற மாம்பழமும் சில திங்களில் மங்க, படம் முழுவதும் நீலம் பாரித்து நிற்கும். இதன் காரணத்தை அறிவது ஓவியம் பயில்வோர்க்கும் பயன் தருவதாகும்.

வண்ண அச்சு நான்கு மைகளால் இயல்வது. பசுநீலமாகிய சயான், ஊதாச்சிவப்பாகிய மஜெண்டா, மஞ்சள், கறுப்பு ஆகியவற்றின் நுண்புள்ளிகள் அருகருகே அமைந்தும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தும் பல நிறங்களைத் தோற்றுவிக்கின்றன. கறுப்பு, கரித்தூளால் ஆவது. ஒளிக்கு அது மங்காது. மஞ்சளுக்கும் மஜெண்டாவுக்கும் வழக்கமாகப் பயன்படும் நிறமிகள் மலிவானவை; எனினும் வெயில் பட்டால் அவற்றின் மூலக்கூறுகள் சிதைந்து நிறமிழக்கின்றன.

சயானுக்கு நிறம் தருவது தாமிரத் தாலோசயனின் ஆகும். 1928ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் கிரேஞ்ச்மவுத் ஆலையில், இரும்புக் கலம் ஒன்றின் உட்பூச்சு விரிசல் கண்டது. உள்ளிருந்த பொருள் இரும்போடு வினைபுரிய, எதிர்பாராத நீலப்பொருள் ஒன்று தோன்றியது. இரும்பின் இடத்தில் தாமிரம் அமைந்த நிறமி 1935இல் விற்பனைக்கு வந்தது. மூலக்கூறின் நடுவிலுள்ள தாமிர அணுவை நான்கு நைட்ரஜன் அணுக்கள் இறுகப் பற்றியுள்ளன. இவ்வுறுதியான அமைப்பை ஒளி எளிதில் குலைப்பதில்லை.

அச்சுப் படத்திற்கு நேர்வது ஓவியத்திற்கும் நேரும். வின்சென்ட் வான் கோ 1888இல் 'படுக்கையறை' ஓவியத்தைத் தீட்டியபோது, அதன் சுவர்கள் இளவூதா நிறத்தன என்று கடிதத்தில் குறித்தார். இன்று அவை நீலமாகவே தோன்றுகின்றன. ஊதாவில் கலந்திருந்த சிவப்பு ஒளியால் மறைந்துவிட்டது. அவர் கண்ட அறையை நாம் இன்று காண இயலாது.

1958இல் விற்பனைக்கு வந்த குயினாக்ரிடோன் நிறமிகள் இக்குறையைப் பெரிதும் நீக்கின. நிலைத்த ஊதாச்சிவப்பு ஓவியர்க்குக் கிட்டியது. விலை மிகுதியாதலின் அன்றாட அச்சில் அது அரிதாகவே இடம்பெறுகிறது.

எனவே வண்ணக்குழல் வாங்கும் மாணவர், நிறத்தின் பெயரை மட்டும் நம்பாது, அதில் அச்சிட்டுள்ள நிறமிக் குறியீட்டையும் ஒளித்தாங்கு தரத்தையும் நோக்குதல் வேண்டும். ஐயமிருப்பின், நிறத்தைத் தாளில் பூசிப் பாதியை மறைத்துச் சில திங்கள் வெயிலில் வைத்து ஒப்பிடலாம். விலை கொடுத்து ஓவியம் வாங்குவோர்க்கு நாம் செய்யும் முதற்கடமை இதுவே.