பதிவான பாடலிலிருந்து குரலை நீக்குதல்

திருவனந்தபுரத்தில் 1943-ஆம் ஆண்டு திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் வானொலி நிலையம் இயங்கத் தொடங்கிற்று. 1950-இல் அது அகில இந்திய வானொலியுடன் இணைந்தது. 1980-இல் பாடகர் ஜேசுதாஸ் அதே நகரில் தரங்கிணி ஒலிப்பதிவு நிலையத்தை நிறுவினார். அந்நிறுவனம் மலையாளத் திரைப்பாடல்களை ஸ்டீரியோ ஒலிநாடாக்களாக வெளியிட்டது. முற்காலத்துப் பாடல்கள் ஒரே தடத்தில் பதிவானவை. பிற்காலத்தவை பெரும்பாலும் இடம், வலம் என்னும் இரு தடங்களில் பதிவானவை. கேட்பவருக்கு இவ்வேறுபாடு சிறிதெனத் தோன்றலாம். ஆயினும், பள்ளி விழாவில் மாணவி ஒருத்தி பாடுவதற்காக, பதிவிலுள்ள குரலை நீக்கி வாத்திய இசையை மட்டும் எடுக்க முற்படும் ஆசிரியருக்கு, முயற்சி பலிப்பதும் பலியாததும் இவ்வேறுபாட்டைப் பொறுத்தனவாகும்.

வடிகட்டினால் போதாதா?

குரலுக்குரிய அதிர்வெண்களை மட்டும் வடிகட்டி நீக்கிவிடலாம் என்று சிலர் எண்ணுவர். இது இயலாது. பாடும் குரலின் அடிப்படை அதிர்வெண் சில நூறு ஹெர்ட்ஸ் அளவில் அமைந்தாலும், அதன் மேற்சுரங்கள் பல ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை பரவியுள்ளன. வயலின், புல்லாங்குழல், வீணை ஆகியவற்றின் ஒலியும் அதே எல்லைக்குள் அடங்குகிறது. ஆகவே, குரலை வடிகட்டினால் வாத்தியங்களும் உடன் மறையும்.

கழித்தல் முறை

ஸ்டீரியோப் பதிவில் குரல் இரு தடங்களிலும் ஒரே அளவில் இடப்படுவது வழக்கம். அதனால் பாடகர் நடுவில் நிற்பது போன்ற தோற்றம் உண்டாகிறது. வாத்தியங்களோ ஒன்று இடப்புறத்திலும் மற்றொன்று வலப்புறத்திலும் மிகுதியாக வைக்கப்படுகின்றன. ஒரு கணத்தில் குரலின் அளவு 5 என்றும், இடத்தடத்தில் வீணையின் அளவு 3 என்றும், வலத்தடத்தில் குழலின் அளவு 1 என்றும் கொள்வோம். இடத்தடத்தின் மொத்தம் 8. வலத்தடத்தின் மொத்தம் 6. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் மிஞ்சுவது 2. இது வீணைக்கும் குழலுக்கும் உள்ள வித்தியாசமே. குரலாகிய 5 அறவே நீங்கிற்று. குறுந்தகட்டில் வினாடிக்கு 44,100 முறை ஒலி அளவிடப்பட்டிருப்பதால், கணிப்பொறி இக்கழித்தலை வினாடிக்கு 44,100 முறை செய்கிறது.

செய்முறை

திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கைட் நிறுவனம் கேரளப் பள்ளிகளுக்கு வழங்கும் கட்டற்ற மென்பொருள் தொகுப்பில் ஆடாசிட்டி என்னும் ஒலித் தொகுப்பு மென்பொருளும் இடம் பெற்றுள்ளது. முதலில் பாடலின் நகல் ஒன்றை அதில் திறக்க வேண்டும். பின்னர் ஸ்டீரியோத் தடத்தை இரண்டு தனித் தடங்களாகப் பிரித்து, அவற்றுள் ஒன்றை மட்டும் தலைகீழாக்குதல் வேண்டும். அதாவது, அலையின் மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் மாற்றப்படும். இரண்டையும் கலந்து ஒலிக்கச் செய்தால் கழித்தல் நிறைவேறுகிறது. இவ்வேலையை ஒரே கட்டளையில் செய்யும் வசதியும் அம்மென்பொருளில் உண்டு.

விளைவின் குறைகள்

மிருதங்கம், தபேலா, தாழ்சுர கிட்டார் ஆகியவையும் நடுவில் வைக்கப்பட்டிருந்தால் குரலோடு அவையும் மறையும். இதனை ஈடு செய்ய, ஏறத்தாழ 120 ஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட ஒலியை மூலத்திலிருந்து எடுத்து மீண்டும் சேர்ப்பது நலம். குரலுக்கு எதிரொலி சேர்க்கப்பட்டிருப்பின், அந்த எதிரொலி இரு தடங்களிலும் வேறுபடுவதால், பாடகரின் சாயல் தொலைவில் கேட்பது போல எஞ்சி நிற்கும். ஒரே தடத்தில் பதிவான பழைய பாடலை இரு தடங்களாக நகல் செய்து கழித்தாலோ, 8-இலிருந்து 8 போக மிஞ்சுவது வெறும் மௌனமே.

புதிய முறை

அத்தகைய பழைய பாடல்களுக்கும் இப்போது ஒரு வழி உண்டு. 2019-இல் டீஸர் நிறுவனம் வெளியிட்ட ஸ்ப்ளீட்டர், ஃபேஸ்புக் நிறுவன ஆராய்ச்சியாளர்கள் உருவாக்கிய டெமக்ஸ் போன்றவை இவ்வகையைச் சேர்ந்தவை. குரலும் வாத்தியங்களும் தனித்தனியே பதிவு செய்யப்பட்ட ஏராளமான பாடல்களைக் கொண்டு இவற்றுக்குப் பயிற்சி அளிக்கப்படுகிறது. அப்பயிற்சியின் பயனாக, கலந்த ஒலியில் குரலின் பங்கு எது, வாத்தியத்தின் பங்கு எது என்பதை இவை மதிப்பிட்டுப் பிரிக்கின்றன. இது கழித்தல் அன்று, ஊகமே என்பதை மறத்தலாகாது. இத்துறையில் பயிற்சிக்குப் பெரிதும் பயன்பட்டுவரும் 150 பாடல்கள் கொண்ட மஸ்டிபி18 தொகுப்பில் மேலைநாட்டு மெல்லிசையே மிகுதி. ஆதலால், குரலின் கமகங்களை அடியொற்றிச் செல்லும் வயலினை நம் இசையில் இவை குரலென்று பிழையாகக் கொள்ளக்கூடும். விளைவை ஆசிரியர் முழுவதும் காதால் கேட்டுச் சரிபார்த்தல் அவசியம்.

கவனிக்க வேண்டியவை

மூலப் பதிவின் மீது எக்காரணத்தாலும் வேலை செய்யலாகாது. 8, 6 ஆகிய இரண்டும் தெரிந்தால் 2 கிடைக்கும். ஆனால் 2 என்னும் ஓர் எண்ணிலிருந்து 8-ஐயும் 6-ஐயும் மீட்க வழியே இல்லை. பள்ளியிலுள்ள பழைய ஒலிநாடா ஒன்றைக் கணிப்பொறியில் ஏற்றி, குரல் நீக்கிய வடிவத்தை அதே பெயரில் சேமித்துவிட்டால், நாடாவும் நைந்துபோன பின் அப்பாடகரின் குரல் என்றென்றைக்குமாக இழக்கப்படும். பள்ளியின் பழைய ஆசிரியரோ, உள்ளூர் நாட்டுப்பாடல் கலைஞரோ பாடிய பதிவு வேறெங்கும் கிடைக்காது. எனவே மூலத்தை வேறொரு வட்டிலும் நகல் செய்த பின்னரே பணியைத் தொடங்க வேண்டும்.

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், கல்வி நிலையத்தின் நிகழ்ச்சியில் ஆசிரியர், மாணவர், பெற்றோர், நிலையத்தோடு தொடர்புடையோர் மட்டும் அடங்கிய அவையில் ஒலிப்பதிவை ஒலிக்கச் செய்ய இடமளிக்கிறது. குரல் நீக்கிய பதிவை வெளியிடவோ விற்கவோ வேண்டின், உரிமையாளரின் அனுமதி பெறுதல் வேண்டும்.

இறுதியாக, எடுத்த இசையின் சுருதி மாணவியின் குரலுக்கு ஒத்துவராவிடில், வேகம் மாறாமல் சுருதியை மட்டும் ஏற்றவோ இறக்கவோ ஆடாசிட்டியிலேயே இயலும். ஓரிரு அரைச்சுர அளவுக்கு மேல் மாற்றினால் வாத்தியங்களின் இயல்பான நாதம் கெடும். அந்நிலையில் வேறு பாடலைத் தெரிந்தெடுப்பதே மேல்.