துட்டிக்குப் போனார், வக்கீலிடம் சொல்லவில்லை

பெரியப்பாவின் வழக்கு ஒரு வண்டிப் பாதைக்கானது. ரோட்டிலிருந்து அவருடைய தோட்டத்துக்குப் போகும் பாதையைப் பங்காளி வீட்டார் முள் வெட்டிப் போட்டு அடைத்துவிட்டார்கள். கிணற்றுப் பங்குத் தகராறும் சேர்ந்துகொண்டதால் சார்பு நீதிமன்றத்தில் ஆறு வருடம் நடந்தது. ஓர் ஏப்ரல் மாதம் மூன்றாம் வாரத்தில் வழக்கு தள்ளுபடி. எழுபதைத் தொட்டிருந்த மனுஷர் நான்கு நாள் வாசலுக்கு வரவில்லை. ஐந்தாம் நாள் என்னைக் கூப்பிட்டு, "மேல போவமாடா?" என்றார்.

மாவட்ட நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் கொடுப்பது 30 நாள். தீர்ப்பின் நகல் வாங்க ஆகும் நாட்கள் அந்தக் கணக்கில் சேராது. பெரியப்பா நகல் மனுவை உடனே போட்டுவிட்டார். போட்டதோடு வேலை முடிந்தது என்று நினைத்ததுதான் முதல் தவறு.

நகல் மனு போட்டால் எத்தனை முத்திரைத்தாள் வேண்டும் என்று கணக்குப் பார்த்து, நீதிமன்ற அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டுவார்கள். அதைப் பார்த்துக் குறித்த நாளுக்குள் கட்ட வேண்டும். அவர் பெயர் ஏப்ரல் கடைசியில் பட்டியலில் வந்து போயிருக்கிறது. யாரும் பார்க்கவில்லை. மே மாதம் சிவில் கோர்ட்டுகளுக்கு விடுமுறை. கெடு விடுமுறைக்குள் முடிந்தால் கோர்ட் திறக்கும் அன்று தாக்கல் செய்யலாம் என்று சட்டத்தில் இடம் இருக்கிறது. அந்தத் தைரியத்தில் எல்லோரும் இருந்தார்கள். ஜூனில் போனால், "அய்யா, ஸ்டாம்ப் கட்டலைன்னு உங்க மனுவை அடிச்சிட்டாங்களே" என்றார் வக்கீல் குமாஸ்தா. புது மனுப் போட்டு, நகல் வாங்கி, மேல்முறையீட்டைத் தாக்கல் செய்தபோது ஏறக்குறைய இரண்டு மாதத் தாமதம்.

சான்றிட்ட நகலின் பின்பக்கத்தை எல்லோரும் ஒருமுறை திருப்பிப் பார்க்க வேண்டும். மனுப் போட்ட தேதி, முத்திரைத்தாள் கேட்ட தேதி, கட்டிய தேதி, நகல் தயாரான தேதி, வாங்கிய தேதி என்று வரிசையாக இருக்கும். கேட்ட பிறகு கட்டாமல் விட்ட நாளும், தயாரான பிறகு வாங்காமல் விட்ட நாளும் நம் தலையில்தான் விழும்.

தாமதத்தை மன்னிக்கச் சொல்லித் தனி மனுப் போட வேண்டியதாயிற்று. காஷ்மீரின் அனந்தநாக் நில எடுப்பு வழக்கில் 1987-ல் உச்ச நீதிமன்றம், ஒவ்வொரு நாளுக்கும் விளக்கம் கேட்டுப் பிடிவாதம் பிடிக்காமல் நடைமுறை அறிவோடு அணுக வேண்டும் என்று சொன்னது. அந்தத் தீர்ப்பைத்தான் எங்கள் வக்கீலும் காட்டினார். மனு ஏற்கப்பட்டது. ஆனால் எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் சார்பாகி, அவர்கள் ஆட்சேபணை போட்டு, உத்தரவு வருவதற்குள் பத்து மாதம் போய்விட்டது. அதுவரை மேல்முறையீட்டுக்கு நம்பர்கூட ஆகவில்லை. பாதையில் முள் அப்படியே கிடந்தது.

அப்பீல் போட்டாலே கீழ்க்கோர்ட் தீர்ப்பு நின்றுவிடும் என்று ஊரில் பலர் நம்புகிறார்கள். நிற்காது. நிறுத்திவைக்கத் தனியாக மனுப் போட வேண்டும் என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 41-ஆவது கட்டளை சொல்கிறது. பெரியப்பாவோ வாதி, அவர் வழக்கு தள்ளுபடி. தள்ளுபடியில் நிறுத்திவைக்க என்ன இருக்கிறது? இடைக்கால உறுத்துக்கட்டளைதான் கேட்க முடியும். கேட்டோம், கிடைக்கவில்லை.

நம்பர் ஆகி நான்கு வாய்தா போயிருக்கும். எதிர்மேல்முறையீட்டாளர்கள் மூவரில் மூத்தவர், பெரியப்பாவுக்குச் சித்தப்பா முறை, ஒரு தைப்பொங்கலுக்கு முன்தினம் இறந்துபோனார். வழக்கு வழக்காக இருந்தாலும் துட்டிக்குப் போகாமல் இருக்க முடியுமா? பெரியப்பா போனார். மாலை போட்டார், சுடுகாடு வரை நடந்தார், பதினாறாம் நாள் காரியத்துக்கும் போய் உட்கார்ந்தார். வக்கீலிடம் மட்டும் சொல்லவில்லை. சாவுக்கும் கோர்ட்டுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. எனக்கும் தோன்றவில்லை.

இறந்தவரின் வாரிசுகளை 90 நாளுக்குள் வழக்கில் சேர்க்க வேண்டும். தவறினால் அவரைப் பொறுத்தவரை மேல்முறையீடு அற்றுப்போகும். அற்றுப்போனதை நீக்கக் கேட்க இன்னும் 60 நாள். அதுவும் தாண்டினால் அந்தத் தாமதத்துக்கும் மன்னிப்பு மனு. தன் கட்சிக்காரர் இறந்த செய்தி தெரிந்தால் வக்கீல் அதை நீதிமன்றத்துக்குச் சொல்ல வேண்டும் என்று 22-ஆவது கட்டளையிலேயே விதி இருக்கிறது. ஆனால் அந்த வீட்டாரும் அவர்கள் வக்கீலிடம் சொல்லியிருக்கவில்லை. ஏழு மாதம் கழித்துப் பேச்சுவாக்கில் விஷயம் வெளியே வந்தபோது எங்கள் வக்கீல் பேனாவை மூடி வைத்துவிட்டார். "அய்யா, நீங்கதானே கூடவே இருந்திருக்கீங்க!" என்றார்.

மூன்று மனுக்கள். இறப்புச் சான்று, வாரிசுகளின் பெயர், விலாசம். ஒரு மகள் திருப்பூரில், இன்னொருவர் மும்பையில். மும்பைக்குப் போன நோட்டீஸ் இரண்டு முறை திரும்பி வந்தது. ஒவ்வொரு முறையும் மறுபடி பேட்டா கட்ட வேண்டும். இதில் ஒன்றேகால் வருடம் போயிற்று. சிவில் வழக்கு வைத்திருப்பவர்கள் எதிர்த்தரப்பு வீட்டில் ஒரு சாவு என்று கேட்டால், துக்கம் கேட்டுவிட்டு வந்த கையோடு வக்கீலுக்கும் போன் போட வேண்டும். கேட்கக் கடினமாக இருக்கலாம். பெரியப்பா அந்த ஒன்றேகால் வருடமும் தலையில் சுமைகட்டித்தான் தோட்டத்துக்கு உரம் கொண்டுபோனார்.

இதற்கிடையில் வழக்கு கூடுதல் மாவட்ட நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. தெரியாமல் பழைய ஹாலில் உட்கார்ந்திருந்தோம். புதிய கோர்ட்டில் மூன்று முறை பெயர் கூப்பிட்டபோது ஜூனியர் வக்கீல் ஓடிப்போய் நின்றதால் தப்பித்தோம். அன்றிலிருந்து இ-கோர்ட்ஸ் செயலியில் வழக்கின் பதினாறு இலக்க சி.என்.ஆர். எண்ணைப் போட்டு வாய்தாவுக்கு முந்தைய இரவே பார்த்துவிடுவேன். எந்தக் கோர்ட், என்ன நிலை என்று அதிலேயே தெரிந்துவிடும்.

கோர்ட் வராண்டாவில் ஒரு அம்மா வக்கீல் பீஸ் கட்ட வழியில்லாமல் அப்பீலை விட்டுவிடப் போவதாக அழுதுகொண்டிருந்தார். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு என்று 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் சொல்கிறது. ஆணைக்குழு அலுவலகம் அதே வளாகத்தில், நாற்பதடி தள்ளி இருந்தது. பெரியப்பாதான் கூட்டிப்போய்க் காட்டினார்.

இத்தனையையும் பொறுத்து ஏன் நடக்க வேண்டும்? முதல் மேல்முறையீட்டில்தான் சாட்சியத்தைத் திரும்ப எடைபோடுவார்கள். அந்த நீதிமன்றம் உண்மை, சட்டம் இரண்டையும் பார்த்துக் காரணம் எழுத வேண்டும் என்று 2001-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அதற்கு மேலே உயர் நீதிமன்றத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு போனால், முக்கியமான சட்டக் கேள்வி இருந்தால்தான் எடுத்துக்கொள்வார்கள். பாதை இருந்ததா இல்லையா என்பதை அங்கே புதிதாக விசாரிக்கமாட்டார்கள்.

கீழ்க்கோர்ட் தீர்ப்பு தமிழில் இருந்தது நல்லதாயிற்று. பெரியப்பா திண்ணையில் உட்கார்ந்து விரல் வைத்து வரி வரியாகப் படித்தார். மூன்றாம் நாள், "கமிஷனர் வந்தப்ப டேப்பு பிடிச்சு அளந்தாரே, எட்டடி, அது எங்கடா இதுல?" என்றார். எங்கேயும் இல்லை. வக்கீல் கமிஷனரின் அறிக்கையும் வரைபடமும் நீதிமன்ற ஆவணங்களாகக் குறியீடாகி இருந்தன. பனைமரங்களுக்கு நடுவே சக்கரத் தடம் தெரிகிறது என்று எழுதியிருந்தார். தீர்ப்பில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. மேல்முறையீட்டு மனுவின் முதல் காரணமாக அதைத்தான் வக்கீல் எழுதினார்.

இன்னொன்றில் தோற்றோம். புல வரைபடத்தின் நகலை வாங்கிக் கூடுதல் சாட்சியமாகக் கொடுத்தோம். முயன்றிருந்தால் விசாரணையின்போதே தாக்கல் செய்திருக்கலாமே என்று கேட்டு, அந்த மனுவைத் தள்ளிவிட்டார்கள். நியாயமான கேள்விதான். சர்வே ஆபீசுக்குப் போக வேண்டிய நாள் வழக்குப் போட்ட நாள்.

வாதம் இரண்டே நாளில் முடிந்தது. மூன்று வாரத்தில் தீர்ப்பு: மேல்முறையீடு பகுதியாக அனுமதி. கிணற்றுப் பங்கு போயிற்று. எட்டடிப் பாதை கிடைத்தது.

வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அழுவார் என்று நினைத்தேன். "எதிர்த்தரப்புக்கு மேல போக 90 நாள் இருக்குல்ல?" என்று கேட்டார். எங்களைக் கேட்காமல் உத்தரவு போடாதிருக்க மதுரை அமர்வில் கேவியட் போட வக்கீலிடம் பணம் கொடுத்துவிட்டு, நேராக நகல் பிரிவுக்கு நடந்தார். மனுவைக் கொடுத்த மறுநாளிலிருந்து தினமும் காலை பஸ்ஸில் வந்து, பெயர் வரும் வரை அந்தப் பலகை முன்னால் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு நின்றார்.