லேபிளில் புடைப்பு அச்சு: எங்கே போடலாம், எங்கே கூடாது?

சென்னிமலை வட்டாரத்தில் விளைந்த மஞ்சளை மூட்டையாக விற்பது ஒரு வழி. அரைத்துப் பொட்டலம் போட்டு நேரடியாக விற்பது இன்னொரு வழி. இரண்டாவதில் இறங்கியதும் முதல் தலைவலி லேபிள்தான். கடை அலமாரியில் நூறு பொட்டலத்துக்கு நடுவே நம்ம பொட்டலத்தை எப்படிங்க அடையாளம் காட்டுவது? பளபள பிளாஸ்டிக் பூச்சு இல்லாமல் அதைச் செய்ய ஒரு வழி உண்டு. அதுதான் எம்பாசிங் என்கிற புடைப்பு அச்சு.

இது நமக்குப் புதுசு இல்லை. அச்சு வெல்லம் ஞாபகம் இருக்குமே? பாகை அச்சில் ஊற்றினால் அச்சின் பள்ளம் வெல்லத்தில் மேடாக வரும். கல்யாணப் பத்திரிகையில் விரலுக்குத் தட்டுப்படும் பிள்ளையாரும் இதே வேலைதான்.

எப்படி நடக்கிறது?

இரண்டு டை வேண்டும். ஒன்றில் உருவம் பள்ளமாகவும், மற்றதில் அதே உருவம் மேடாகவும் இருக்கும். நடுவில் தாளை வைத்து அழுத்தினால் தாள் புடைத்து நிற்கும். மையே தேவையில்லை. அதிக எண்ணிக்கைக்குப் பித்தளை டை உழைக்கும். சில நூறு லேபிள் போதும் என்றால், கம்பெனி சீல் அழுத்துகிற மாதிரியான கைப்பொறியே போதும், வீட்டிலேயே அழுத்திக்கலாம்.

கவனிக்க வேண்டியவை

1. தாள்: மெல்லிய தாள் கிழியும், இல்லாவிட்டால் புடைப்பு நிற்காது. 200 ஜிஎஸ்எம்முக்கு மேற்பட்ட, பூச்சில்லாத அட்டை நல்லது.

2. எழுத்து: தமிழில் புள்ளியும் சுழியும் அதிகம். பொடி எழுத்தில் மெய்யெழுத்தின் புள்ளி அமுங்கிப் போகும்; ண, ன வித்தியாசம் தெரியாது. பண்ணைப் பெயரின் ஓரிரு சொல், இல்லை ஒரு மஞ்சள் கிழங்குப் படம், அவ்வளவு போதும்.

3. இடம்: உருண்டை பாட்டிலில் ஒட்டும்போது கையால் தேய்த்தால் புடைப்பு படுத்துவிடும். ஈரம் பட்டாலும் தாள் தளர்ந்துவிடும். அதனால் ஒட்டுவதைவிட, கட்டித் தொங்கவிடும் அட்டையில் அழுத்துவது மேல். தறி ஊரில் கட்டுவதற்குப் பருத்தி நூலுக்கா பஞ்சம்?

4. பெட்டி: இறுக்கி அடுக்கினாலும் நசுங்கும். முதலில் பத்து பொட்டலத்தை வெளியூருக்கு அனுப்பிப் பார்த்துவிட்டு மொத்தமாக அடியுங்கள்.

எங்கே கூடாது?

எடை, விலை, பொட்டலமிட்ட மாதம், முகவரி, உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க எண் இவையெல்லாம் தெளிவாக, எடுப்பான நிறத்தில் மையில்தான் இருக்கணும். நிறமில்லாத புடைப்பு எழுத்து மங்கிய வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. 2011-ஆம் ஆண்டுப் பொட்டலப் பொருள் விதிகளும், புடைப்பாகப் போடும் எண்ணுக்கு அச்சடித்த எண்ணைவிடக் கூடுதல் உயரம் கேட்கின்றன.

இன்னொன்று. புடைப்பு முத்திரை பார்க்க அரசு முத்திரை மாதிரியே இருக்கும். வாங்குகிறவர் அதை நம்புவார். பிஜிஎஸ் அல்லது என்பிஓபி சான்று இல்லாமல் ஜைவிக் பாரத் சின்னத்தை அழுத்தக் கூடாது. ஈரோடு மஞ்சளுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அதையும் பதிவு பெற்ற பயனாளர்தான் போடலாம். நம் பண்ணைப் பெயர் நமக்குச் சொந்தம். அதைத் தாராளமாக அழுத்துவோம்.

விரலுக்கும் ஒரு லேபிள்

பிரான்ஸில் ரோன் பள்ளத்தாக்கில் சாபுதியே என்ற திராட்சைப் பண்ணை, ரசாயனம் இல்லாத உயிராற்றல் வேளாண்மை செய்கிறது. 1990-களிலிருந்து தன் பாட்டில் லேபிள்களில் பார்வையற்றோருக்கான பிரெயில் புள்ளிகளைப் புடைப்பாக அழுத்தி வருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2004-ல் கொண்டுவந்த உத்தரவுப்படி மருந்துப் பெட்டியிலும் மருந்தின் பெயர் பிரெயிலில் இருக்க வேண்டும்.

மஞ்சள் தூளும் மிளகாய்த் தூளும் ஒரே அளவுப் பொட்டலத்தில் இருந்தால், பார்வையற்ற ஒருவர் சமையலறையில் எப்படிப் பிரித்தறிவார்? ‘மஞ்சள்’ என்று தமிழ் பிரெயிலில் அழுத்தினால் அவருக்கு அது பெரிய உதவி. டை செய்வதற்கு முன் பிரெயில் வாசிக்கிற ஒருவரிடம் மாதிரியைக் கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். புள்ளி ஒன்று இடம் மாறினாலும் எழுத்து மாறிவிடும்.

புடைப்பு அச்சு ஒருவரை நம்ம பொட்டலத்தைக் கையில் எடுக்க வைக்கும். மறுபடி வாங்க வைப்பது உள்ளே இருக்கிற மஞ்சள்தானுங்க.